கேமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் தெருவுக்குக் கேமரா வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் என் வீட்டுக்காரரைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் பைத்தியம் இல்லை. சாமி விஷயத்தில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. ரோட்டை ஒட்டிய மூலை வீடு எங்கள் வீடு. தெருவின் மறுமுனையில் முள் மண்டிய காலி மனைகள். முன்பெல்லாம் மத்தியானம் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வாசலுக்கு நேராகத் தலையணை போட்டுத் தூங்குவேன். பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போன ஒரு அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனதோடு அந்தத் தூக்கம் போயிற்று. அடுத்து, மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டைப் பட்டப்பகலில் பூட்டை உடைத்துத் துடைத்து எடுத்தார்கள். பிறகு காலேஜ் பிள்ளைகள் நிறுத்துகிற ஸ்கூட்டர்கள் காணாமல் போக ஆரம்பித்தன. போலீஸில் கேட்டால், கொஞ்ச தூரம் ஓட்டினாலே தமிழ்நாட்டுக்குள் போய்விடுகிறான், அது எங்கள் லிமிட் இல்லையேம்மா என்றார்கள். எங்கள் லிமிட் எங்கே முடிகிறது என்பது இந்த ஊரில் திருடனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது.

நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். தெருவின் பயம் எனக்குக் கழுத்தளவில்தான் தெரியவந்தது. இறக்கி வெட்டு, இன்னும் இறக்கு என்று அளவு கொடுத்தவர்கள் எல்லாம், கழுத்தை ஏற்றித் தை, சங்கிலி வெளியே தெரியக் கூடாது என்று வந்து நின்றார்கள். ஒருத்தி காலர் வைத்தே கேட்டாள். இன்னொருத்தி தாலிச் சரடை ஊக்கால் குத்திக்கொள்ள உள்ளே ஒரு பட்டி வைத்துத் தரச் சொன்னாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கழுத்து நம்முடையது, தாலி நம்முடையது, நாமே திருடி மாதிரி மறைத்துக்கொண்டு அலைய வேண்டுமா? ஆனாலும் தைத்துக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன்.

குடியிருப்போர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் அவரைச் சொல்தா என்றால்தான் தெரியும், ஃபிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தமாம். எது பேசினாலும் நிமிர்ந்து நின்றுதான் பேசுவார். "கேமரா வெச்சிடுவோம். ஒரு ஈ உள்ள வந்தாலும் தெரியணும்" என்றார். மூலை வீடு என்பதால் கேமரா எங்கள் வாசல் கம்பத்துக்கு வந்தது. அதன் டிவி எங்கள் கூடத்துக்கு, என் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வந்தது. எங்கள் வாசலில் தொடங்கித் தெருக்கோடி வரைக்கும் அதில் தெரியும். யார் போனார்கள், யார் வந்தார்கள், எல்லாம் பதிவாகும்.

அதற்கப்புறம் என் வீடு வீடாகவா இருந்தது? "அக்கா, நேத்து எங்க வீட்டுக்காரரு எத்தினி மணிக்கு வந்தாருன்னு கொஞ்சம் போட்டுக் காட்டேன்" என்று ஒருத்தி வருவாள். தன் வாசல் செருப்பை நாய் தூக்கிப்போனது எந்தப் பக்கம் என்று இன்னொருத்தி வருவாள். "இது என்னா, டூரிங் டாக்கீஸா? ஜாக்கெட் தைக்கணும்னா உட்காருங்க, இல்லன்னா கிளம்புங்க" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கேமரா வந்த பிறகு தெருவில் ஒரு தைரியம் வந்தது. சாயங்காலம் பெண்கள் மறுபடி வாசலில் நின்று பேச ஆரம்பித்தார்கள்.

தினமும் காலையில் அந்தக் கேமராவில் முதலில் விழுகிற முகம் மீன்காரப் பெண்ணுடையது. வைத்திக்குப்பத்திலிருந்து வருவாள். அவள் தம்பி அவளையும் கூடையையும் கருப்பு பைக்கில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு ரோட்டில் ஏறிப் போய்விடுவான். கடலுக்குப் போகிறவன், வேலை கிடக்கும். அவள் கூடையை எங்கள் படிக்கட்டில் வைத்துவிட்டு, "அக்கா, சங்கரா நல்லா இருக்குது, எடுத்துக்கோ" என்பாள். எத்தனையோ வருஷப் பழக்கம். அவளுக்கும் நான்தான் ஜாக்கெட் தைப்பேன். அவளுடைய ஜாக்கெட்டை மட்டும் தனியாகக் காயப்போடச் சொல்லி என் மகள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அதற்காக என்னிடம் திட்டு வாங்குவாள்.

என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர். மில்லை மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். மில்லில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு ஆயுத பூஜைதான் தீபாவளி. ஒரு தறி விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பாராம். பட்டறையிலும் அப்படித்தான். பட்டறையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து என் தையல் மெஷின், கத்தரிக்கோல், மிக்ஸி, அருவாமனை, ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார். நமக்குச் சோறு போடுகிற பொருள், நம்மைக் காப்பாற்றுகிற பொருள் எதையும் அன்றைக்கு விட்டுவிடக் கூடாது என்பார்.

அந்த வருஷம் தெருவையே காப்பாற்றுகிற பொருள் ஒன்று வாசலில் இருந்ததே! அதை விடுவாரா? கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறினார். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்தா ஒரு முழம் சாமந்திச் சரம் கொண்டுவந்து கொடுத்து, கேமராவைப் பார்த்து ஒரு சல்யூட்டே அடித்தார். நான்கு வீட்டுப் பெண்கள் நின்று கைகூப்பினார்கள். அவர் மேலே என்ன செய்கிறார் என்று கீழே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எல்லோருமே அவரவர் வீட்டில் அதைத்தானே செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

உள்ளே வந்து கேமரா டிவியையும் நிறுத்தினார். துடைத்தார், பொட்டு வைத்தார், பூப் போட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கிற வரைக்கும் தொடக் கூடாது. என் மெஷினுக்கும் அன்றைக்கு ஓய்வு, டிவிக்கும் ஓய்வு. தெருவில் வீட்டுக்கு வீடு பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்தோம்.

மறுநாள் மீன்காரப் பெண் வழக்கத்தைவிட முன்னாடியே வந்துவிட்டாள். கொலு வைத்த வீடுகளில் அத்தனை நாளாகக் கவுச்சி இல்லை. அன்றைக்குக் கூடை சீக்கிரம் காலியாகும் என்று அவளுக்குத் தெரியாதா? நான் அடுப்படியில் இருந்தேன். பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. கூடையை இறக்கிய சத்தம் கேட்டது. பைக் திரும்பி ரோட்டில் ஏறிப் போன சத்தமும் கேட்டது. "அக்கா!" என்று அவள் கூப்பிட்டாள். "இரும்மா, பால் பொங்குது" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைக்கும்போதுதான் தெருவின் நடுவிலிருந்து அந்த அலறல் வந்தது.

ஓடினேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா அவர் வாசலில், உடைத்த பூசணிக்காய்க்கும் பாதி போட்ட கோலத்துக்கும் நடுவே கிடந்தார். கழுத்தில் ரத்தக் கோடு. தாலிச் சரடு இல்லை. ஒரு கை மணிக்கட்டில் ஒருமாதிரி திரும்பியிருந்தது. எனக்கு முன்னால் மீன்காரப் பெண் அங்கே ஓடியிருந்தாள். டீச்சரைத் தூக்கித் தன் மடியில் சாய்த்து, "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல, தண்ணி குடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மீன் செதில் ஒட்டிய கையால் டீச்சர் நெற்றியைத் துடைத்தாள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அன்றைக்கு அந்தத் தெருவில் பத்துப் பேராவது இருப்பார்கள்.

"கருப்பு பைக். ரெண்டு பேர். பின்னால இருந்தவன் இழுத்தான்" என்றார் டீச்சர். அவ்வளவுதான் அவர் சொன்னது.

போலீஸ் வந்தது. கேமரா இருக்கிறது என்று சொல்தா பெருமையாக அழைத்து வந்தார். எங்கள் கூடத்தில் அத்தனை பேர். என் வீட்டுக்காரர் டிவி முன்னால் குறுக்கே போய் நின்றுகொண்டு, "ஒரு நிமிஷம் சார், பூஜைய எடுத்துடுறேன்" என்றார். கற்பூரத்தை ஏற்றினார். போலீஸ்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கானால் உள்ளுக்குள் எரிந்தது. அங்கே ஒரு மனுஷி கை ஒடிந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், இங்கே இவர் கற்பூரம் காட்டுகிறார். அப்புறம் டிவியைப் போட்டார்கள்.

திரை முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பு. ஓரத்தில் ஒரு துண்டு வானமும் கரண்டுக் கம்பியில் ஒரு காக்காவும்.

சின்ன வயசுப் போலீஸ்காரர் ஒருவர், "என்ன சார், சூரியன் உதிக்குதா?" என்று சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "யாரு வெச்சது?" என்றார்.

"நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "நெத்தி எதுன்னு தெரியல. கண்ணாடிதான் முகம் மாதிரி இருந்திச்சி. அதான் நடுவுல வெச்சேன்."

"தெரிஞ்சிதான் மறைச்சீங்களா?"

ஐயோ, அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான்தான் முன்னால் வந்து, தெருவே நின்று கும்பிட்டுது சார், தலைவர் மாலையே கொண்டுவந்தார் என்று படபடவென்று சொன்னேன். சொல்தாவைப் பார்த்தேன். அவர் காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமரா குருடானதும் வாய்களுக்குக் கண் வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுதினார்: தினமும் கருப்பு பைக்கில் வருகிறவன் யார்? இன்னொருவர்: மீன்காரியை விடுகிற சாக்கில் தெருவை நோட்டம் பார்க்கிறான். மூன்றாமவர்: இன்றைக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தார்கள்? இன்னொருவர் எப்போதோ எடுத்த அவன் படத்தையே போட்டார். நான் எழுதத் தெரிந்தவரைக்கும் எழுதினேன். அவன் இறக்கிவிட்டுப் போன சத்தத்தை நான் கேட்டேன், அதற்கப்புறம்தான் டீச்சர் அலறினார், அவன் தெருவுக்குள் போகவே இல்லை என்றேன். "கண்ணால பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார் சொல்தா. இல்லை. அடுப்படியில் இருந்தேன். காதால் கேட்டதற்கு ஒரு மதிப்பும் இல்லை. உனக்கென்ன மீன்காரி மேல் அவ்வளவு அக்கறை என்று ஒருத்தி எழுதினாள். முந்தின வாரம் என்னிடம் ஏறின கழுத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டு போனவள்தான்.

படகை இழுத்துக்கொண்டிருந்த மீன்காரப் பெண்ணின் தம்பியைப் போலீஸ்காரர்கள் கரையிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அவள் ஓடி வந்தாள். கூடை இல்லாமல் அவளை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். "அக்கா, எந்தம்பிய இட்டுக்கினு போயிட்டாங்கக்கா. அவன் இப்படியே திரும்பிப் போனானேக்கா. உங்க கேமராவுல இருக்குமே, போட்டுக் காட்டுக்கா. காட்டினா விட்டுடுவாங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. எங்கள் வாசலில் அவன் அவளை இறக்கிவிட்டுத் திரும்பிய அந்த இடம், அந்தக் கேமராவுக்கு நேர் முன்னால். பொட்டு மட்டும் இல்லையென்றால் அவன் வண்டி திரும்பியதும், பிறகு வேறு ஒரு வண்டி காலி மனைப் பக்கத்திலிருந்து வந்ததும் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

காலையில் பதிவானதை டிவியில் போட்டுக் காட்டினேன். வேறு என்ன செய்ய? அவள் கிட்டே போய் அந்த மஞ்சளைப் பார்த்தாள். "இது இன்னாக்கா?" என்றாள். என் வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

நானே உள்ளே போய் அவரைக் கிளப்பி, அவளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை, பட்டறை எண்ணெய்க் கறையோடு வந்தார். "சார், தப்பு எம்மேலதான் சார். நான் பொட்டு வெக்கலன்னா அவன் வெளிய இருப்பான் சார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். உட்காருங்க, விசாரிச்சிட்டு விட்டுடுவோம் என்றார்கள். உட்கார்ந்தோம். விடவில்லை. டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கையில் கட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. "நான் அவன்னு சொல்லவே இல்லியேம்மா. கருப்பு பைக்குன்னுதானே சொன்னேன்" என்று அழுதார். அவன் இல்லை என்று வந்து சொல்லுங்கள் டீச்சர் என்றேன். "அவன் இல்லன்னும் எனக்குத் தெரியாதே" என்றார். கோபம் வந்தாலும் அவரை என்ன சொல்வது? கழுத்தில் அந்தக் கோடு இன்னும் ஆறவில்லை.

இரண்டு மூன்று நாளில், லிமிட்டைத் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் வேறு எங்கேயோ சங்கிலி அறுத்துக்கொண்டு ஓடிய இரண்டு பேர் மாட்டினார்கள். டீச்சரின் தாலியும் அவர்கள் வேலைதான் என்று தெரிந்தது. தங்கத்தை அதற்குள் உருக்கிவிட்டார்கள். தம்பியை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நடந்தான்.

குரூப்பில் ஒருத்தராவது எழுத வேண்டாமா? தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒரு வரி? திருடன் பிடிபட்டான் என்ற செய்திக்குக் கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. அவன் படத்தைப் போட்டவர் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். பிறகு சங்கம் மறுபடி கூடியது. தெருமுனையில் இரும்பு கேட், வெளியாள் வந்தால் விசாரிக்க ஒரு வாட்ச்மேன், இன்னும் இரண்டு கேமரா. எங்கள் வாசல் கேமராவைக் கழற்றிச் சொல்தா வீட்டுக்கு மாற்றினார்கள். போகட்டும், பீடை விட்டது என்று நினைத்துக்கொண்டேன். "இப்ப நம்ம தெரு பத்திரம்" என்றார் அவர், நிமிர்ந்து நின்று.

மீன்காரப் பெண் வரவில்லை. இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று பார்த்தேன். அவள் கொடுத்த ஜாக்கெட் துணி தைத்து மடித்தபடி மெஷின் மேலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "அந்தப் பொண்ணு வந்திச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் உள்ளே போய்விடுவார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. சாமி விளக்கேற்றும்போதுகூடக் குங்குமக் கிண்ணத்தைத் தொடுவதில்லை, என்னை எடுத்து வைக்கச் சொல்வார். மனுஷன் இப்படியே போனால் என்ன ஆவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்புங்க, நாமளே போவோம்" என்றேன்.

வைத்திக்குப்பத்தில் படகுகளுக்கு நடுவே அவள் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா, வாங்கண்ணா" என்றாள். அதில் ஒரு குறையும் இல்லை. தம்பி படகு நிழலில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அவன் முன்னால் போய் நின்றார். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், வாயைத் திறந்ததும் அழுதுவிட்டார். அவன் எழுந்து நின்றான். "அட, விடுங்கண்ணா. நீங்க சாமி பேர்ல செஞ்சீங்க" என்றான். இடது கையால்தான் அவர் தோளைத் தொட்டான்.

நான் அவளிடம் ஜாக்கெட்டைக் கொடுத்தேன். ஏறின கழுத்துத்தான், எல்லோருக்கும் தைத்துத் தைத்து அந்த அளவே கைக்கு வந்துவிட்டது. அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குக்கா இது, மறைக்க எங்கிட்ட இன்னா இருக்குது?" என்று சிரித்தாள். அவள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெருவுக்கு வாயேன்" என்றேன். "எல்லாரும் உன்னக் கேக்குறாங்க." அது பொய், டீச்சர் மட்டும்தான் கேட்டார். "கேட் போட்டாச்சு. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லி வெக்கிறேன். கேமராவும் நெறைய வெச்சிருக்காங்க. இனிமே ஒரு பயமும் இல்ல."

அவள் நெத்திலியை அள்ளி என் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உங்களுக்கு இல்லக்கா. எங்களுக்குத்தான் அந்தத் தெருவுக்குள்ள வர பயமா இருக்குது."

சொல்லிவிட்டு, எப்போதும் செய்கிற மாதிரி, கடைசியில் இன்னொரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள்.